ஏழு பேர் சாப்பிட்ட இலை

ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த இலையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் ஏழு பேர். ஐந்து வாழையிலைகளின் நடுநரம்பைச் சீவி, ஒன்றின் நுனி மற்றொன்றின் அடிமேல் படியும்படி, வாசலிலிருந்து பின்சுவர் வரைக்கும் பாயில் நீளமாகப் போட்டிருந்தது. இந்தப் பக்கம் வாசலை ஒட்டி வீட்டுக்காரன் ஜுஹானா. அவனுக்கு அடுத்து மினிபஸ் ஓட்டுகிற பக்கத்து வீட்டு எங்கோஸ். தெருவில் சின்னவர்கள் எல்லாருக்கும் அவர் மாங் எங்கோஸ், அதாவது எங்கோஸ் மாமா. அவருக்கு அடுத்து அவர் மனைவி தார்சிஹ். அந்தப் பக்கம் அடுக்களைக் கதவை ஒட்டி ஜுஹானாவின் மனைவி என்தின், எழுந்து போய் எடுத்துவர வசதியாக. அப்புறம் அவர்களுடைய சின்னவள் நெனெங், ஐந்து வயது. அப்புறம் அவள் அண்ணன், ஒன்பது வயது யாயன். கடைசியில் சுவரோரம் ஜுஹானாவின் தம்பி ஓமன்.

தேநீர்க் கெண்டி வாசல் பக்கம், ஜுஹானாவின் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. பச்சை ஜெங்கோல் கொட்டைக் கூடை சுவர்ப் பக்கம், யாயனுக்கும் ஓமனுக்கும் நடுவில். அன்றைக்கு இதை யாரும் கவனித்து வைக்கவில்லை. அப்படிக் கவனிக்கிற விஷயமுமில்லை.

அறுப்பு முடிந்து நெல் வீடு வந்த சாப்பாடு அது. எலுமிச்சைப்புல்லும் கருவாட்டுத் துண்டும் போட்டு வடித்த சோற்றை என்தின் இலை நெடுகக் கொட்டிப் பரப்பினாள். மேலே பொரித்த கருவாடு, புளித்த சோயாவில் செய்த தெம்பே, வெள்ளரிப்பிஞ்சு, அம்மியில் அரைத்த மிளகாய். ஜெங்கோல் இரண்டு விதம். ஒன்று, என்தின் பேருந்து நிறுத்தத்துக் கடையில் விற்கிற அதே குழம்பு. கொட்டையை முதல் நாள் ஊறப்போட்டு, சாம்பலோடு வேகவைத்து, தண்ணீரை மூன்று தரம் மாற்றி, ஒவ்வொன்றாகக் குழவியால் தட்டித் தட்டையாக்கி, இனிப்புச் சோயாச் சாற்றில் சுண்டவிட்டது. இரண்டாவது பச்சையாகக் கடிப்பதற்கு. அதற்கு அவள், கெடுதல் குறையட்டும் என்று, கொட்டைகளைக் கிணற்றடி மணலில் இரண்டு வாரம் புதைத்து, முளை கண்ட பிறகு முளையைக் கிள்ளி எறிந்துவிட்டுத்தான் இலைக்குக் கொண்டுவருவாள். புதைத்தது அன்று போதவில்லை. காலையில் ஓமன் மரத்திலேறி இளசாகப் பறித்து வந்ததையும் அதே கூடையில் கலந்தாயிற்று.

"நாலாப்பு படிக்கிறவன் நாலு தின்னா போதும். அதுக்கு மேல பெரியவங்க சங்கதி" என்றான் ஓமன்.

"சித்தப்பா எத்தன தின்ன?"

"எண்ணிக்கிட்டே தின்னா ருசி தெரியுமாடா."

"நான் உன்னவிட ஒண்ணு கூடத் திம்பேன்."

"தின்னுங்கடா, நல்லாத் தின்னுங்க" என்றாள் தார்சிஹ். "நாளைக்கு ரெண்டு பேரும் ஒண்ணுக்குப் போக எங்க கொல்லப் பக்கம் வராதீங்க. காத்து எங்க வீட்டப் பாத்துத்தான் அடிக்குது."

"உங்க வீட்டுக்காரர் தின்னதுக்கு எங்க வீட்டுல இருந்து காத்து வரணுமா தெத்தே?" என்றான் ஓமன்; அக்காவை அங்கே தெத்தே என்பார்கள்.

எங்கோஸ் சிரித்ததில் சோறு புரையேறிற்று. ஜுஹானா கெண்டியிலிருந்து ஊற்றிக் கொடுத்தான். யாயன் வரை அது வரவில்லை. என்தின் மட்டும் மகனைப் பார்த்து, "போதும் எழுந்திரு" என்று ஒரு தரம் சொன்னாள். அதிலும் அதட்டலை விடப் பெருமைதான் அதிகம். பதினோரு வருடமாக ஜெங்கோல் விற்கிறவள். அவள் கையால் தின்று யாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு போனதில்லை. அதை அவள் கடையில் தினமும் ஒருவருக்காவது சொல்லிவிடுவாள்.

திங்கட்கிழமை காலை யாயனுக்குச் சட்டைப் பொத்தான் மாட்டும்போது அவள் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள்.

"ஸ்கூல்ல ஒண்ணுக்குப் போயிடாத. தண்ணி குடிச்சாத்தான வரும், அதனால குடிக்காத. வீட்டுக்கு வந்து போ."

அவர்கள் ஊரான சிபுங்கூரில் ஜெங்கோல் சாப்பிட்ட மறுநாள் எல்லா வீட்டிலும் பிள்ளைகளுக்குச் சொல்கிற வார்த்தை அது. கொட்டை தின்றவன் ஒன்றுக்குப் போனால் அந்த நெடி அரை நாள் நிற்கும். போன வருடம் தலைமை ஆசிரியர் கழிப்பறை நாற்றத்தைப் பற்றிப் பேசி, நான்கு பிள்ளைகளின் பெயரைக் கொடிமரத்தடியில் உரக்க வாசித்திருந்தார். அதில் யாயன் பெயரும் ஒன்று. அவன் அன்று பள்ளியிலிருந்து குறுக்கு வயல் வழியாகத் தனியாக வீட்டுக்கு வந்தான்.

ஆகஸ்ட் மாதத்து வெயில். திங்கட்கிழமை என்பதால் கொடியேற்றத்துக்கு முக்கால் மணி நேரம் நின்றார்கள். அப்புறம் பந்து விளையாட்டு. சொன்னபடி அவன் குடிக்கவில்லை, போகவுமில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து கொல்லையில் நின்றான். சொட்டுச் சொட்டாக வந்தது கள்ளிச்செடிப் பழம் பிழிந்த நிறத்தில் இருந்தது. கொஞ்ச நேரத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டான்.

"ஜெங்கோல் பிடிச்சிருச்சு" என்றாள் தார்சிஹ், வாசலில் நின்றே. அவள் வாய் சும்மா சொன்னதுதான். என்தினுக்கு அது கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

செவ்வாய் விடிந்ததும் ஊர்ச் சுகாதார நிலையத்து நர்ஸ் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இங்க வச்சுப் பாக்குற கேஸ் இல்ல இது. பாண்டுங் போங்க, இப்பவே" என்றாள். எங்கோஸ் அன்றைக்கு ஏற வந்த பயணிகளை எல்லாம் அடுத்த வண்டிக்கு அனுப்பிவிட்டு, பின்சீட்டில் பாயை விரித்தார்.

*

பாண்டுங் பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகளின் சிறுநீரகத்துக்கென்று தனி வார்டு இருந்தது. பதினொரு கட்டில். பார்த்துக்கொண்டவள் டாக்டர் தியூர்மா. வட சுமத்ராவில் ஏரிக்கரைப் பெண். குழந்தை மருத்துவம் முடித்து, அதற்குமேல் சிறுநீரகத்துக்கு மட்டும் பயிற்சிக்கு வந்திருந்தாள். இன்னும் ஒன்றரை வருடம் பாக்கி. குள்ளமாக, வேகமாக நடப்பவள். பேச்சில் சுற்றிவளைப்பு கிடையாது. இந்தப் பக்கத்துச் சுந்தா மென்பேச்சில் பழகிய தாய்மார்களுக்கு முதல் நாள் அவளைக் கண்டால் நடுக்கம், மூன்றாம் நாள் அவள்தான் வேண்டும்.

"எத்தன தின்னான்?"

"ரெண்டு மூணு இருக்கும் டாக்டர்" என்றாள் என்தின்.

"இந்தப் பக்கத்துக்காரங்க எல்லாரும் சிரிச்சுக்கிட்டே ரெண்டு மூணுதான் சொல்லுவீங்க. என் நோட்டுல இருபத்துமூணு பிள்ளைங்க இருக்கு, இருபத்துமூணும் ரெண்டு மூணு. எனக்குக் கணக்குச் சரியா வேணும்மா. டேய் பெரிய மனுஷா, நீ சொல்லு."

"பதினொண்ணு" என்றான் யாயன் கண்ணை மூடிக்கொண்டே. "சித்தப்பா பத்து."

"பச்சையா?"

"ஆமா."

"நல்ல பையன். மறுநாள் என்ன குடிச்சான்? எத்தன தடவ ஒண்ணுக்குப் போனான்?"

யாயன் கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தான்.

"வழக்கம்போலத்தான்" என்றாள் என்தின்.

தியூர்மா எழுதிக்கொண்டாள். பையனுக்குக் கையில் சலைன் ஏறியது, சோடா உப்புக் கலந்தது. கீழே ஒரு மெல்லிய குழாய் வைத்து அதன் நுனியில் பையைக் கட்டினார்கள். பையில் ஒரு கரண்டியளவு சிவப்பாக இறங்கி, அதோடு நின்றுவிட்டது.

"வெள்ளிக்கிழமை காலை வரைக்கும் பாப்போம்" என்றாள் டாக்டர், ஜுஹானாவையும் பக்கத்தில் நிறுத்திவைத்து. "அதுக்குள்ள ஒண்ணுக்கு இறங்கிடுச்சுன்னா இவன் கிட்னி தானே சரியாயிடும். இறங்கலன்னா வயித்துல சின்னக் குழாய் வச்சு, கிட்னி செய்யவேண்டிய வேலைய நாங்க செய்வோம். அதுவும் எங்களுக்குப் புதுசில்ல. அந்த மூணாம் கட்டில் பொண்ணுக்கு அதான் நடக்குது, பாருங்க, உக்காந்து கஞ்சி குடிக்குது. இவன் பொழச்சுக்குவான். எந்த வழியா பொழைக்கிறான்னுதான் பாக்கணும்."

புதன்கிழமை மதியம் அவள் என்தினைப் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டாள். மேசையில் பூதக்கண்ணாடிக் கருவி. "ஒரு கண்ண மூடிட்டு இதுல பாருங்க."

முதலில் என்தினுக்குத் தன் இமைமயிர்தான் தெரிந்தது. அப்புறம் ஒரு வெளிச்ச வட்டம். அதற்குள் ஊசிகள். கட்டுக் கட்டாக, வைக்கோல் கற்றை அவிழ்ந்து கிடப்பது போல.

"இது உங்க பையனோட ஒண்ணுக்கு. கொட்டையில இருக்குற சத்து ஒண்ணு, கிட்னிக்குப் போன பெறகு இப்பிடி ஊசியா உறையுது. குழாயக் குத்தும், அடைக்கும். எல்லாருக்கும் இல்ல. இதுதான் எனக்குப் புரியல. ஏழு பேர் தின்ன எடத்துல ஏன் ஒருத்தனுக்கு மட்டும்?"

என்தின் கருவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சோயாக் குழம்பை மறந்து அடுப்பில் விட்டால் சட்டி ஓரத்தில் இப்படித்தான் பூக்கும். தண்ணீர் இருக்கும் வரை ஒன்றும் தெரியாது. வற்றினதும் எல்லாம் கிளம்பி வந்து ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். தண்ணி குடிக்காதே என்று தான் சொல்லி அனுப்பியது அவள் வாய் வரைக்கும் வந்தது.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல டாக்டர். ஊசி நெறைய இருக்கு."

வியாழக்கிழமை பிற்பகல் அஸர் தொழுகைக்கு அழைப்பு கேட்கிற நேரத்தில் பையில் ஒரு சொட்டு விழுந்தது. முதலில் கண்டவன் ஜுஹானா. அவன் விரலால் காட்டினான். தியூர்மா வந்து கட்டிலடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். இன்னொன்று. அப்புறம் ஒரு இழுப்பில் விரலளவு. அரை மணி நேரத்தில் பை கால்வாசி நிரம்பியிருந்தது. அவள் பையைக் கழற்றி அளவுக் கண்ணாடியில் ஊற்றும்போது ஜெங்கோல் நெடி வார்டு முழுக்கப் பரவியது. என்தின் முந்தானைத் துணியால் கட்டிலை மறைக்கப் பார்த்தாள்.

"எதுக்கும்மா மறைக்கிறீங்க. இந்த வாசனைக்குத்தான் மூணு நாளா காத்துக்கிட்டிருக்கேன்" என்றாள் டாக்டர். மூன்றாம் கட்டில் பெண்ணின் அம்மாவைப் பார்த்து, "மூக்க மூடாதீங்க, நல்ல சேதி இது" என்றாள். பிறகு யாயனிடம், "எங்க ஊர்லயும் தின்போம்டா. எங்கம்மா சுட்டுக் குடுக்கும். ஆனா பதினொண்ணு நான் தின்னதில்ல" என்றாள்.

சனிக்கிழமை ஊருக்குக் கிளம்பும்போது அவள் என்தினிடம் நான்கு தாள் கொடுத்தாள்.

"இது என் ஆய்வு. பயிற்சி முடிக்கிறதுக்கு ஒண்ணு செய்யணும். போன மாசம் எங்க பேராசிரியை நோட்டப் பாத்துட்டு, 'நீ விழுந்த பிள்ளைங்கள மட்டும் எண்ணி வச்சிருக்க, கூட உக்காந்து தின்னுட்டு விழாதவங்கள யாரு எண்ணுறது'ன்னு கேட்டாங்க. உங்க இலையில ஏழு பேரு. யாரு எங்க உக்காந்தா, பச்சையா வெந்ததா, எத்தன, என்ன குடிச்சாங்க, மறுநாள் எத்தன தடவ ஒண்ணுக்குப் போனாங்க, எல்லாம் எழுதி அனுப்புங்க. நீங்க நல்லா எழுதுவீங்கன்னு உங்க வீட்டுக்காரர் சொன்னாரு."

"தெருவுல எல்லாருக்கும் லெட்டர் நான்தான் எழுதுவேன்" என்றாள் என்தின். அது பொய்யில்லை. ஒன்பதாம் வகுப்பு வரை சிபுங்கூர்ப் பள்ளியில் கையெழுத்துக்கு அவள்தான் முதல்.

*

ஞாயிறு காலை அவள் தாளை அட்டையில் வைத்துக்கொண்டு ஆள் ஆளாகப் போனாள். முதலில் கோடு போட்டு இலையை வரைந்தாள். அதன் இரண்டு பக்கமும் ஏழு வட்டம். கெண்டிக்கு ஒரு சதுரம், கூடைக்கு ஒரு சதுரம்.

ஓமன் மரத்தடியில் மண்வெட்டிக்குப் பிடி செதுக்கிக்கொண்டிருந்தான். ஒரு வாரமாக அவன் அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை.

"பச்ச பத்து. சரியா?"

"சரிதான் தெத்தே."

"குழம்புல?"

"ஆறு. ஏழா. ஏழுன்னு போடு."

"தண்ணி?"

"சாப்பிட்டு எந்திரிச்சு கிணத்தடிக்குப் போயி வாளியோட குடிச்சேன். தொண்ட எரிஞ்சுது."

"மறுநா எத்தன தடவ ஒண்ணுக்கு?"

"என்ன தெத்தே இது. கட்டிக்கப்போற பொண்ணு வீட்டுல கூட இவ்வளவு விசாரிக்க மாட்டாங்க."

"சொல்லு."

"வரப்புல நாலு, வீட்டுல ரெண்டு. டாக்டர் பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா? என் பேர அழகா எழுது."

"நீ ஒண்ணுக்குப் போன கணக்கப் பாத்து வந்து கட்டிக்குவா, கவலப்படாத."

அவன் ஒரு வாரத்துக்குப் பிறகு அப்போதுதான் சிரித்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "நான்தான பந்தயம் கட்டினது. அதையும் எழுது" என்றான். என்தின் எழுதினாள்.

தார்சிஹ் வீட்டுப் படியில் உட்கார்ந்தபோது புருஷனும் பெண்டாட்டியும் சண்டைக்கே வந்துவிட்டார்கள்.

"எனக்கு அஞ்சு தடவ" என்றார் எங்கோஸ்.

"அஞ்சா? கராஜுக்குப் போற வழியில ரெண்டு எடத்துல நிறுத்துவீங்க, அத விட்டுட்டீங்க. ஏழு போடு என்தின்."

"நீ கூடவா வந்து எண்ணின?"

"எண்ண வேணாம், செருப்பப் பாத்தாலே தெரியும்."

"அஞ்சுன்னு போடும்மா. நான் ஒழுங்கா சொல்றேன். அரசாங்கத்துக்குப் போற காகிதம்."

"அக்கா" என்றாள் என்தின். "உங்க பிள்ளைங்க ஸ்கூல் போன காலத்துல, ஜெங்கோல் தின்ன மறுநா என்ன சொல்லி அனுப்புவீங்க?"

"என்ன சொல்லுவேன். அங்க ஒண்ணுக்குப் போயி மானத்த வாங்காதீங்க, தண்ணி குடிக்காதீங்கன்னு சொல்லுவேன். நீயும் அதான சொல்ற? எல்லாரும் அதான் சொல்றோம்." தார்சிஹ் சாதாரணமாகச் சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வீட்டில் யாயன் பாயில் படுத்தபடி தண்ணீர்ச் செம்பைப் பக்கத்தில் வைத்திருந்தான். டாக்டர் மணிக்கு ஒரு டம்ளர் சொல்லியிருந்தாள்; அவன் அதை உத்தியோகம் மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னையும் கேளும்மா."

"பச்ச பதினொண்ணு. குழம்பு?"

"மூணு. ஞாயித்துக்கிழம ஒரு டம்ளர் டீ. கெண்டி தூரத்துல இருந்துச்சு. திங்கக்கிழம சைபர். ஒண்ணுக்கும் சைபர்."

பென்சில் நின்றது.

"அத அப்பிடி எழுதாதம்மா" என்றான் யாயன். "எழுதினா ஏன்னு கேப்பாங்க. நீ சொன்னன்னு தெரிஞ்சிடும். அந்த டாக்டர் கத்துவாங்க. ஆஸ்பத்திரியில நீ சொன்ன மாதிரியே எழுது. வழக்கம்போலன்னு."

அவன் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அம்மாவைக் காப்பாற்றுகிற தோரணையில் சொன்னான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் தன்னைப் பார்த்த பார்வைக்கு அப்போதுதான் அவளுக்கு அர்த்தம் விளங்கிற்று. இடுப்பு வலியில் துடித்துக்கொண்டே வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறான்.

"ஒரு டம்ளர் குடி" என்றாள். "மணியாச்சு."

மேசைக்குப் போய்ப் புதுத்தாள் எடுத்தாள். பென்சிலை வைத்துவிட்டு மை பேனாவைத் திறந்தாள். மரியாதைக்குரிய டாக்டர் தியூர்மா அவர்களுக்கு என்று தொடங்கி, யாயன் இன்று ஏழு தடவை போனதையும், நிறம் தெளிந்திருப்பதையும் எழுதினாள். அப்புறம் இலைப் படம். அப்புறம் ஏழு பேருக்கு ஏழு வரி. புதைத்த கொட்டையும் புதைக்காததும் ஒரே கூடையில் கலந்தது, ஓமனின் பந்தயம், வாளித் தண்ணீர், ஒன்றும் விடவில்லை. ஐந்தாவது வரி நெனெங், பச்சை ஒன்றுமில்லை. ஆறாவது யாயன். சைபர், சைபர்.

ஜுஹானா ஆலை வேலைக்குக் கிளம்ப வந்தவன் அவள் தோளுக்குப் பின்னால் நின்று படித்தான். அவள் அடுத்து எழுதியதையும் படித்தான்:

'திங்கட்கிழமை என் மகன் தண்ணீர் குடிக்காததற்கும், பள்ளியில் சிறுநீர் கழிக்காததற்கும் காரணம் நான். நாற்றத்துக்கு வெட்கப்பட்டு, வேண்டாம் என்று நானே சொல்லி அனுப்பினேன். தாங்கள் கேட்டபோது வழக்கம்போல என்று சொன்னது பொய். எங்கள் தெருவில் எல்லாத் தாய்மார்களும் இப்படித்தான் சொல்லி அனுப்புகிறோம். தங்கள் நோட்டில் உள்ள மற்ற இருபத்துமூன்று பிள்ளைகளின் தாய்மார்களிடமும் இதைக் கேட்கவும். நேராகக் கேட்டால் சொல்லமாட்டார்கள். நான் சொன்னதாகச் சொல்லிக் கேட்கவும்.'

"இதெல்லாமா கேட்டாங்க?" என்றான் ஜுஹானா மெதுவாக.

"கேட்டாங்க. நான்தான் சொல்லல."

அவன் அந்த வரிகளை இன்னொரு தரம் படித்தான். "தலைமை ஆசிரியர் பேர் வாசிச்சாரே. அது?"

"அது அவருகிட்டயே சொல்லணும். நாளைக்குக் கொடியேத்துறதுக்கு முன்னாடி போறேன். ஒரு பானை தண்ணியும் கொண்டுபோறேன். நீங்களும் வாங்க."

"பானைய நான் தூக்குறேன்" என்றான்.

கீழே கையெழுத்துப் போட்டு, கடை எந்த நிறுத்தத்தில் இருக்கிறது என்பதையும், வந்தால் பச்சை தராமல் குழம்புதான் தருவேன் என்பதையும் ஒரு வரி சேர்த்தாள். மை காயும் வரை தாளை அடுப்புப் பக்கம் பிடித்தாள். நான்காக மடித்து உறையில் போட்டாள். வடித்த சோற்றில் நான்கு பருக்கை எடுத்து உறையின் வாயில் நசுக்கித் தேய்த்து, கட்டைவிரலால் ஓரத்திலிருந்து ஓரம் வரை அழுத்தினாள். அது பிடிக்கட்டும் என்று குழவியை அதன்மேல் கொஞ்ச நேரம் வைத்தாள்.

எங்கோஸ் இஞ்சினை ஓடவிட்டு ஹாரன் அடித்தார். மதிய வண்டி, பாண்டுங் போகிறது. ஆஸ்பத்திரி வாசலில் அவரே இறங்கி வார்டில் கொடுப்பதாக ஏற்பாடு. உறையை வாங்கிக் கையில் எடைபோட்டுப் பார்த்தார்.

"கனமா இருக்கே. என்னைப் பத்தி என்ன போட்டிருக்க?"

"ரெண்டாவது வரி நீங்க. அஞ்சு தடவ."

"அது போதும்" என்றார் எங்கோஸ். உறையைத் தலைக்குமேல் இருந்த வெயில் மறைப்பில் செருகி, அது விழாமலிருக்கத் தன் லைசென்ஸையும் அதன்மேல் செருகிவிட்டு, வண்டியை எடுத்தார்.